கக்கூஸ் காட்டிய ராத்தா

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய ஆட்கள் யாராவது வந்தால் நாங்கள் அவர்களை அதிபரின் அறைக்குக் கூட்டிப் போவோம். ராத்தா கக்கூசுக்குக் கூட்டிப் போவார்.

பகிடிக்குச் சொல்லவில்லை. வாகனம் வாசலில் வந்து நின்றதும் நாங்கள் மாலையும் தேநீருமாக ஓடித் திரிவோம். ராத்தா கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்து வைப்பார். முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நேரே வந்தவரின் முன்னால் போய் நிற்பார்.

"சேர், இஞ்சால கொஞ்சம் வாங்க. ஒரு இடம் காட்டணும்."

வந்தவர் பள்ளித் தோட்டமோ பிள்ளைகளின் கைவேலையோ என்று நினைத்துக்கொண்டு பின்னால் நடப்பார். கதவைத் திறந்து ராத்தா ஒதுங்கி நிற்பார். ஒரு சொல் விளக்கம் சொல்லமாட்டார். உள்ளே கிடப்பது கிடக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பும் மனிதரிடம், "இத நான் ஒரு நாளைக்கு மூணு தரம் கழுவுறன் சேர். கழுவியும் இப்பிடித்தான் இரிக்கி. எத்தின புள்ளைகள் வாற இடமெண்டு பாருங்களன்" என்பார். அவ்வளவுதான்.

அதிபருக்கு வேர்த்துக் கொட்டும். நான் அப்போது பிரதி அதிபர். எனக்கும்தான்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் ஊர்களில் அக்காவை ராத்தா என்போம். முதலாம் வகுப்புப் பிள்ளையிலிருந்து அதிபர் வரை எல்லோருக்கும் அவர் ராத்தாதான். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நானும் ராத்தா என்றே கூப்பிட்டேன். மெலிந்த, உயரமான பெண். வேகமாக நடப்பார். இடுப்பில் சாவிக் கொத்து இருக்கும். ஆனால் பிள்ளைகளுக்கான எந்தக் கக்கூசும் பூட்டியிருந்து நான் பார்த்ததில்லை.

நான் அவரை முதலில் கண்டது சம்மாந்துறையில். கடல் வந்து எங்கள் கரையோரத்தை அள்ளிக்கொண்டு போன கிழமை அது. கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சுவரும் கொடிக்கம்பமும்தான் மிஞ்சியிருந்தன. தப்பிய சனம் உள்ளுக்கு ஓடிப்போய் சம்மாந்துறைப் பள்ளிக்கூடங்களில் தங்கியது. என் வீடு நிந்தவூரில், பிரதான வீதிக்கு மேற்கே. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தேன், சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு போனேன்.

நான் போயிருந்த முகாமுக்கு அன்று கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கூடவே கமெராக்காரர்கள். சனத்தை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் சாப்பாடு கிடைக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் கிடைக்கிறது என்றார்கள். இரண்டு பெண்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் முறை வந்தது.

"சாப்பாடு கிடைக்குது சேர். திண்டதுக்குப் பொறகு போறதுக்குத்தான் இடமில்ல. வந்து ஒருக்காப் பாருங்க."

பக்கத்தில் நின்ற ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு கிழவர், "ஒரு பொம்புள கதைக்கிற கதையாகா இது?" என்று ஏசினார். அந்தப் பெண் பிள்ளைகளின் கையை விடாமல் முன்னால் நடந்தார். வந்தவருக்குப் போகாமல் இருக்க முடியவில்லை, கமெரா ஓடிக்கொண்டிருந்தது. நான்கு கக்கூஸ்கள். மூன்றாம் நாளே நிரம்பிவிட்டன. பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். பெரியவர் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி கொஞ்ச நேரம் அங்கே நின்றார். அடுத்த நாள் காலை ஒரு பெக்கோ இயந்திரம் வந்து வரிசையாகக் குழி தோண்டியது.

கடல் ராத்தாவின் உம்மாவையும் மூன்று வயது மகனையும் கொண்டு போயிருந்தது. கணவர் அதற்கு முன்பே வேறு கல்யாணம் செய்துகொண்டு பொலன்னறுவைப் பக்கம் போய்விட்டாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. மகனைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல் கதைத்ததில்லை. அந்த பெக்கோவைப் பற்றிப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

"கண்ணால பாத்தாத்தான் சேர் மனிசருக்கு வெளங்குது. கதையால வெளங்காது."

தகரக் கொட்டில்களில் மறுபடி பள்ளிக்கூடம் தொடங்கியபோது பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அவரைத் தற்காலிக வேலைக்கு எடுத்தது. வகுப்பறை கூட்ட வேண்டும், கக்கூஸ் கழுவ வேண்டும். அவருடைய இரண்டு மகள்மாரும் அங்கேயே படித்தார்கள்.

எத்தனையோ பேர் எங்களுக்குச் சுகாதாரம் படிப்பித்தார்கள். சுனாமிக்குப் பிந்திய அந்த வருடங்களில் எங்கள் கரையில் நிறுவனங்களுக்குக் குறைவில்லை. சுவரொட்டி ஒட்டினார்கள். சுத்தத்தைப் பற்றிய ஹதீஸை அழகான எழுத்தில் சுவரில் எழுதித் தந்தார்கள். ஒருநாள் மூன்று இளைஞர்கள் வந்து பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திக் கை கழுவும் முறையைக் காட்டினார்கள். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை, விரலிடுக்கு, நகம். பாட்டும் உண்டு. பிள்ளைகள் பாடிக்கொண்டு கையைத் தேய்த்தார்கள். தண்ணீர் இல்லை. பவுசர் வண்டி கொண்டுவந்து ஊற்றும் தண்ணீர் குடிப்பதற்கே போதாது. பள்ளிக்கூடக் கிணறு கடல் வந்த பிறகு உப்பாகிக் கிடந்தது.

ராத்தா கொட்டில் வாசலில் நின்று பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அப்படி விழுந்து விழுந்து அவர் சிரித்து நான் கண்டது அன்று ஒரு நாள்தான்.

"அல்லாவே, காத்துல கை கழுவுதுகள் சேர்!"

சிரித்து முடித்துவிட்டு, உப்பு குறைந்த பள்ளிவாசல் கிணற்றுக்குப் போனார். இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்தார். வரிசையில் நின்ற பிள்ளைகளின் கையில் ஒரு சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தார். பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இடைவேளைக்கு முன் அந்த இரண்டு வாளியும் வந்துவிடும். அது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லை. அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

சவர்க்காரம் வைத்தால் காகம் கொத்திக்கொண்டு போய்விடும். ராத்தா பழைய காலுறைகளைச் சேர்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டியைப் போட்டு முடிந்து, வேலிக் கம்பியில் தொங்கவிட்டார். பிள்ளைகள் காலுறையோடு சேர்த்துத் தேய்ப்பார்கள், நுரை வரும். ஒருநாள் வந்த கல்வி அதிகாரி, பள்ளிக்கூட வேலியில் காலுறை காயப்போட்டிருப்பது ஒழுங்கீனம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார். நான் கழற்றச் சொன்னேன். ராத்தா கழற்றினார். மறுநாள் காலை அவை வேலியின் உட்புறத்தில் தொங்கின.

ஆசிரியர்களுக்கென்று தனியாக ஒரு கக்கூஸ் இருந்தது. அதன் சாவியை அவர் பத்தாம் பதினோராம் வகுப்புப் பெண்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார் என்று ஒரு ஆசிரியை என்னிடம் முறையிட்டார். விசாரிக்கக் கூப்பிட்டேன். ஆசிரியையும் நின்றார்.

"எங்கட கக்கூசுக்குள்ள புள்ளைகள உட்டா அது என்ன கோலத்தில இரிக்கும் ராத்தா?"

"டீச்சர், கோவிக்காதீங்க. கழுவுறது நான். ஒங்கடதும் புள்ளைகள்ளதும் எனக்கு ஒரே நாத்தம்தான்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவரைக் கண்டித்ததாகக் காட்டிக்கொண்டேன். சாவி பிள்ளைகளிடமே இருந்தது.

இப்படியே சொல்லிக்கொண்டு போகலாம். அவரைப் பற்றிச் சிரித்துச் சொல்வதற்கு எனக்கு நிறைய இருக்கிறது. சிரிக்க முடியாதது ஒன்றுதான்.

புதிய கட்டடம் கட்டி முடிந்தபோது எங்கள் அதிபர் இருதய நோயோடு விடுமுறையில் இருந்தார். அவர் திரும்பி வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் பதில் அதிபர். அந்தப் பதவி எனக்கு உறுதியாக வேண்டும் என்று நான் விரும்பினேன். இருபத்திரண்டு வருடம் படிப்பித்தவன் அப்படி விரும்புவது பிழையென்று இப்போதும் நினைக்கவில்லை. அந்த விருப்பத்துக்காக நான் செய்தது வேறு.

கட்டடத்தைக் கட்டித் தந்தது ஒரு வெளிநாட்டு நிறுவனம். பின்னால் தனியாக மலசலகூடத் தொகுதி. பெண்பிள்ளைகளுக்கு ஆறு அறை, ஆண்பிள்ளைகளுக்கு நான்கு. வெள்ளை ஓடு பதித்த சுவர். சிறு பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் வரிசையாகக் குழாய்கள். மேலே கொங்கிரீட் தூணில் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. எல்லாம் இருந்தது. மேற்கேயிருந்து வர வேண்டிய குழாய் நீர் பிரதான வீதியோடு நின்றுவிட்டது. எங்கள் தெருவுக்கு இழுக்கப்படவில்லை.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. எனக்கு மேலே இருந்த ஒருவர். யார் என்று சொல்வதில் இப்போது பயனில்லை. "வெள்ளைக்காரங்க வாறாங்க. ஒரு கொறையும் தெரியப்படாது. கொழாயத் தொறந்தா தண்ணி வரணும். ஒங்கட நிர்வாகத்த இதிலதான் பாப்பாங்க" என்றார்.

ராத்தாவைக் கூப்பிட்டேன்.

"நாளண்டைக்குக் கொழாயில தண்ணி வரணும் ராத்தா."

"தண்ணி எங்கால வாற சேர்?"

"பள்ளிவாசல் கெணத்தில அள்ளித் தாங்கிய நெரப்பிடுவம். ஏ.எல். வகுப்புப் பொடியன்மாரு ஏணியில நிண்டு வாங்கி ஊத்துவாங்க. நீங்க அள்ளிக் குடுங்க."

"அண்டைக்கு வரும். அடுத்த நாளைக்கு?"

"அது பொறகு பாப்பம்."

"சேர், காஞ்ச கொழாயத் தொறந்து காட்டுங்க. வெறும் காத்து வாறதக் காட்டுங்க. இவ்வளவு கட்டித் தந்தவங்க, தண்ணி இல்லெண்டு கண்டா சும்மா போவாங்களா? நான் கூட்டிப் போய்க் காட்டுறன்."

"அதத்தான் ராத்தா நீங்க செய்யப்படாது."

அவர் அங்கிருந்து போகவில்லை. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். குரலை உயர்த்தாமல், ஒரு நன்மையைச் சொல்வதுபோலச் சொன்னேன்.

"ஒங்கட வேல நெரந்தரமாகிறதுக்கு நான்தான் கடிதம் குடுக்கணும். ரெண்டு பொம்புளப் புள்ளைகள வெச்சிக்கிட்டு இரிக்கீங்க. யோசிச்சி நடங்க."

மெதுவாகச் சொன்னதால் அது மிரட்டல் ஆகாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையிலிருந்து பின்னேரம் அஸர் தொழுகை வரை அவர் தண்ணீர் இறைத்தார். பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் ஒரு குறுகிய ஒழுங்கை. அதில் எத்தனை தரம் நடந்தார் என்று தெரியாது. பையன்கள் மாறி மாறி ஏணியில் ஏறினார்கள். இறைத்தது அவர் ஒருவர்தான். யாரையும் கயிற்றைத் தொட விடவில்லை. என் அறை ஜன்னலால் அவரைக் கண்டேன். பிறகு கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

விழா நன்றாக நடந்தது. குர்ஆன் கிராஅத் ஓதினோம். பேண்ட் வாத்தியம், மாலை, பேரீச்சம்பழம், வட்டிலப்பம். நிறுவனத்திலிருந்து வந்தவர் நரைத்த முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. மொழிபெயர்க்க மட்டக்களப்பிலிருந்து ஒரு தம்பியைக் கூட்டிவந்திருந்தார். பேச்சுகள் முடியும்வரை அவர் பொறுக்கவில்லை. எழுந்து நேரே பின்பக்கம் போய்விட்டார். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம்.

அவர் ஒரு குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. முகத்தைக் கழுவிக்கொண்டு சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்போது அவர் சுவரோரம் நின்ற ராத்தாவைக் கண்டார். அன்று ராத்தா வெள்ளை முக்காடு போட்டிருந்தார். கையில் தும்புத்தடி இல்லை. எங்கள் எல்லோரையும் தாண்டி அவரிடம் போன அந்த அம்மா ஏதோ கேட்டார். தம்பி தமிழில் சொன்னார்.

"நீங்கதான் இங்க வேல செய்யிறீங்களாம். தண்ணி ஒவ்வொரு நாளும் வருதா எண்டு கேக்கிறா."

வந்திருந்த எத்தனையோ பேரில் அவரிடம் மட்டும்தான் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அவரிடம் கேட்டால் உண்மை தெரியும் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தோன்றியதோ.

ராத்தா என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வையோ கோபமான பார்வையோ இல்லை, கேட்கும் பார்வை. நான் தலையை அசைத்தேன். பக்கத்தில் நின்றவர்கள் கவனித்திருக்க முடியாத அளவுக்குத்தான் அசைத்தேன்.

"ஓம்," என்றார் ராத்தா. "வருது."

அந்த அம்மா சந்தோஷத்தில் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். ராத்தா முகத்தைச் சுளித்துக் கையை இழுத்துக்கொண்டார். முந்தின நாள் கயிறு அவருடைய உள்ளங்கைகளை உரித்திருந்தது. வெட்கத்தில் இழுத்துக்கொண்டார் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

விருந்தினர்கள் தேநீர் குடித்து முடிவதற்குள் தாங்கி வற்றிவிட்டது.

ஒன்றரை மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரியவந்தது. கட்டடம் இருந்தும் தண்ணீர் இல்லாத பள்ளிக்கூடங்களுக்குக் குழாய் இழுத்துக் கொடுப்பதற்காக அந்த நிறுவனம் ஒரு பட்டியல் எடுத்திருக்கிறது. அந்த அம்மா அன்று கேட்டது அதற்காகத்தான். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நேரே "நீர் வசதி உண்டு" என்று எழுதியிருந்தார்கள். நான் அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்த உத்தியோகத்தர், "மேடம் நேரில வந்து பாத்து, ஒங்கட ஆக்களயும் கேட்டுத்தான் எழுதியிருக்கா. ஏதும் பிழையா சேர்?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். சொன்னால் விழாவுக்கு வந்தவர்கள் முன் என் பெயர் என்ன ஆகும் என்று யோசித்தேன். பதவி உறுதியாகும் கடிதம் அப்போது வரும் நாளாக இருந்தது. "இல்ல, சும்மா கேட்டன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அடுத்த வருடம் கிழக்கில் சண்டை கடுமையானது. காட்டுப் பக்கம் பீரங்கிச் செல் சத்தம் கேட்கும். பாதையெல்லாம் சோதனைச் சாவடி, அடிக்கடி ஹர்த்தால். நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. அந்த நிறுவனமும் போய்விட்டது.

பெண்பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிக்காமல் வரத் தொடங்கினார்கள். ஓடு பதித்த ஆறு அறையும் பெரும்பாலும் சும்மா கிடந்தன. ராத்தா வாளியில் கொண்டுவரும் தண்ணீர் இரண்டு அறைக்குக்கூடக் காணாது. அவருடைய மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பு. கணிதத்தில் கெட்டிக்காரி, நானே அவளுக்குப் படிப்பித்தேன். பெரிய பிள்ளையான பிறகு மாதத்தில் நாலைந்து நாள் வரமாட்டாள். பிறகு கிழமைக் கணக்காக வரவில்லை. ராத்தாவிடம் கேட்டேன்.

"காய்ச்சல் சேர். மூணாந்தரம் வந்திரிக்கி. ஆசுபத்திரியில தண்ணி குடிக்கல்லெண்டு ஏசுறாங்க, அடக்கி வெச்சிரிக்கெண்டு ஏசுறாங்க. இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டனெண்டு சொல்றா."

"நீங்க சொல்லிக் கூட்டிவரலாந்தானே?"

"என்னத்தச் சொல்லிக் கூட்டிவர?" என்று கேட்டார். என்னைப் பார்க்காமல், கூட்டிக்கொண்டே கேட்டார்.

அவள் பிறகு வரவில்லை.

இன்னொன்றையும் நான் பிந்தித்தான் கவனித்தேன். விழாவுக்குப் பிறகு ராத்தா யாரையும் கக்கூசுக்குக் கூட்டிப் போகவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருமுறை வந்தார், பழைய பழக்கத்தில், "என்ன ராத்தா, இண்டைக்கு ஒண்டும் காட்டல்லையா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். "சேர்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு ராத்தா அடுத்த வகுப்பறைக்குக் கூட்டப் போனார். பரிசோதகர் என்னிடம் கேட்டார். நான் தேநீர் குடிக்கக் கூட்டிப் போனேன்.

வேலை நிரந்தரமாவதற்குக் கடிதம் கொடுத்தேன். வாக்கைக் காப்பாற்றினேன். அது எங்கோ ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மூத்த மகளைப் பதினேழு வயதில் கட்டிக்கொடுத்துவிட்டு, இளையவளை அவளிடம் விட்டு, ராத்தா வீட்டு வேலைக்குக் குவைத் போனார். போகும் நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்து, சாவிக் கொத்தை என் மேசையில் வைத்தார். "போய்ட்டு வாறன் சேர்" என்றார். நான் கதிரையிலிருந்து எழுந்தேன். "கவனமாப் போய்ட்டு வாங்க" என்றுதான் சொன்னேன்.

யுத்தம் முடிந்தது. சந்திகளில் பாற்சோறு கொடுத்தார்கள், வெடி கொளுத்தினார்கள். சாவடிகள் குறைந்தன. கொழும்பிலிருந்து மறுபடி வாகனங்கள் வரத் தொடங்கின. ஒருநாள் ஏதோ ஒரு திட்டத்தைச் சேர்ந்த இளம் உத்தியோகத்தர் வந்தார். பெயரைச் சொல்லி அமர்வதற்கு முன்பே நான் அவரைப் பின்பக்கம் கூட்டிப் போனேன். மஞ்சள் படிந்த ஓடுகளைக் காட்டினேன். குழாயைத் திறந்து காட்டினேன். பிறகு, திறப்பு விழாவன்று ஓடிய தண்ணீர் கிணற்றில் இறைத்துச் சுமந்து ஊற்றிய தண்ணீர், அதை ஊற்றச் சொன்னது நான், என்று சொன்னேன். முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். "எல்லா இடத்திலயும் அப்படித்தான் சேர்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

அடுத்த வருடம் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது. எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

ராத்தாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குக் கதைப்பார் என்று இளைய மகள் வகுப்பில் சொல்லியிருந்தாள். ஜும்ஆ முடிந்து அவர்களுடைய சுனாமி வீட்டுத்திட்ட வீட்டுக்குப் போனேன். மூத்தவள் மடியில் கைக்குழந்தையோடு இருந்தாள். இளையவள் கைத்தொலைபேசியை எனக்கு முன்னால் மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

"ராத்தா, தண்ணி வந்துட்டு. எல்லாக் கொழாயிலயும் வருது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றது அந்தக் குரல். களைத்த குரல். "புள்ளைகள் நல்லா இரிக்கட்டும் சேர்."

"அண்டைக்கு நான் ஒங்களப் பொய் சொல்ல வெச்சது..."

"அத உடுங்க சேர்."

"இல்ல ராத்தா. என்ட பிழ அது. நான்தான்..."

அவர் என்னை முடிக்க விடவில்லை.

"நீங்க தலையத்தானே ஆட்டின. ஓமெண்டு சொன்ன வாய் என்டதானே சேர். இல்லெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். எத்தின பேரக் கூட்டிப் போய்க் காட்டினவள் நான். அண்டைக்கு மட்டும் நாக்குப் பொரளல்ல. மூத்தவள்ற படிப்ப நான்தான் கெடுத்தன். இஞ்ச வேல செய்யக்கொள்ளயும் அதுதான் நெனப்பு வாற."

"அப்பிடிச் சொல்லாதீங்க ராத்தா, நான்..."

பின்னால் யாரோ அரபியில் சத்தமாகக் கூப்பிடுவது கேட்டது. "வெக்கிறன் சேர், மேடம் கூப்புடுறா." தொலைபேசி நின்றது.

இளையவள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மூத்தவள் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"உம்மா என்ன பொய் சொன்ன சேர்?"

அவளுக்குத் தெரியாது. இத்தனை வருடமும் உம்மா அதைச் சொல்லாமலே இருந்திருக்கிறார். நான் மறுபடி கதிரையில் அமர்ந்தேன். திறப்பு விழாவுக்கு முன் எனக்குத் தொலைபேசி வந்ததிலிருந்து சொன்னேன். கிணறு, தாங்கி, நான் மெதுவாகச் சொன்ன அந்த வார்த்தைகள், தலையை அசைத்தது, பிறகு அந்த அலுவலகத்துக்குப் போயும் வாய் திறக்காமல் வந்தது. ஒன்றையும் விடவில்லை. குழந்தை அழுதது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அழவும் இல்லை. வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டாள்.

நான் முடித்த பிறகு குழந்தையை மடியில் இறக்கினாள்.

"அந்த அதிபர் வேல ஒங்களுக்குக் கெடைச்சிச்சா சேர்?"

"கெடைச்சது மகள்" என்றேன்.